நான்கு மூலைகளுக்கும் ஒரே வயதா?

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு. பிட்ஸ்பர்க்

இன்று ராபர்ட்டோ கிளெமெண்டேயின் பிறந்தநாள். இருந்திருந்தால் 90 வயது. புவேர்ட்டோ ரிக்கோவில் கரோலினா என்ற ஊரில் 1934இல் பிறந்தவர். 1955 முதல் 1972 வரை பதினெட்டுப் பருவங்கள் இந்த ஊர் பைரேட்ஸ் அணிக்காக மட்டுமே பேஸ்பால் ஆடினார். அவர் படம் அச்சிட்ட டாப்ஸ் நிறுவன அட்டைகளை நான்கு ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். ஆண்டுக்கு ஒன்றாக 1955இலிருந்து 1973 வரை 19 அட்டைகள். காலையில் எண்ணிப் பார்த்தேன், 14 இருக்கின்றன. 1955, 1960, 1962, 1963, 1971 ஆகிய ஐந்தும் இன்னும் கைக்கு வரவில்லை.

நிபுணர்கள் தரம் பார்த்து, எண் கொடுத்து, கெட்டிப் பிளாஸ்டிக்கில் மூடிய அட்டைகள் என் வருமானத்துக்கு எட்டாதவை. அப்படி மூடப்படாத அட்டையை இங்கே ‘ரா’ என்பார்கள். விலை குறைவு. ஆனால் நல்லது கெட்டதை நம் கண்தான் சொல்ல வேண்டும். என் கண் இரண்டு முறை தவறிவிட்டது. 1957ஆம் ஆண்டு அட்டை ஒன்றையும் 1959 ஒன்றையும் ஆசையாக வாங்கி, பல மாதங்கள் கழித்து இரண்டும் கைவைக்கப்பட்டவை என்று தெரிந்து, மறுபடி காசு சேர்த்து வேறு வாங்கினேன். மீதி ஐந்தையும் தேடும்போது பார்ப்பதையெல்லாம் அன்றன்றே எழுதிவைக்கப் போகிறேன். இதே வழியில் வருகிற இன்னொருவருக்கு உதவட்டும்.

ஆகஸ்ட் 24, சனி

தீயணைப்பு நிலைய மண்டபத்தில் அட்டைச் சந்தை. நாற்பது மேசைகள் இருக்கும். மூன்றாவது மேசையிலேயே 1971ஆம் ஆண்டு கிளெமெண்டே, எண் 630.

அந்த ஆண்டு டாப்ஸ் அட்டைகளுக்கு நான்கு புறமும் கறுப்பு விளிம்பு. கறுப்பு என்பது காகிதத்தின் முகத்தில் படிந்த மை மட்டுமே. ஓர் உரசல் பட்டால் போதும், அடியிலிருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கும். அதனால் 53 ஆண்டுகளுக்குப் பிறகும் கருகருவென்று மூலைகள் நிற்கிற 1971 அட்டைக்கு விலை பல மடங்கு. அதே காரணத்தால்தான் கறுப்பு மார்க்கர் பேனாவுக்கு இந்த அட்டைமேல் இத்தனை ஆசை.

உறையிலிருந்து எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு விற்பவர் முகத்தில் வருகிற பதிலே பாதிச் சோதனை. இவர் தயங்கினார், பிறகு சம்மதித்தார். அட்டையின் முகத்தை நான் பார்க்கவில்லை. பக்கவாட்டில் திருப்பி அதன் கனத்தைப் பார்த்தேன். அச்சகத்தில் மை விழுவது முகத்தில்தான், பிறகுதான் வெட்டுவார்கள். ஆகவே வெட்டுமுகம் காகித நிறத்தில் இருக்க வேண்டும். இதில் இரண்டு மூலைகளில் வெட்டுமுகமும் கறுப்பாக இருந்தது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது, மை காகித இழைகளுக்குள் வேர்விட்டதுபோல் ஊறிப் பரவியிருந்தது. குழல் விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தேன். அச்சு மையின் கறுப்பு அமைதியாக இருக்க, அந்த இரண்டு மூலைகள் மட்டும் லேசான ஊதா மினுமினுப்பைக் காட்டின.

சொன்னேன். “நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது” என்றார். உண்மையாகவும் இருக்கலாம். உடனே விலையைப் பாதியாக்கினார். நான் வாங்கவில்லை. “மூலையில் மை தொட்டிருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி உறைக்குள் வைத்துவிடுங்கள்” என்று கேட்டுக்கொண்டேன். மதியம் அந்தப் பக்கம் மறுபடி போனபோது அட்டை மேசையில் இல்லை. சீட்டோடு போனதா, சீட்டில்லாமல் போனதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வெளியே வருகிற வழியில் கடைசி மேசையில் இன்னொரு 1971. விளிம்பெல்லாம் எறும்பு கடித்ததுபோல் வெள்ளைப் பொட்டுகள். 45 டாலர் கொடுத்து வாங்கினேன். அந்த ஆண்டு, அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் 37 வயதில் ஏழு ஆட்டங்களிலும் ஹிட் அடித்து, தொடரின் சிறந்த வீரர் விருதை வாங்கிய மனிதரின் அட்டை. பொட்டுகளோடுதான் அது எனக்கு வேண்டும்.

ஆகஸ்ட் 31, சனி

என் பையில் இப்போது இருப்பவை: பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, முப்பது மடங்கு ஒன்று, எஃகு அளவுகோல், விரலளவு புற ஊதா டார்ச், ஒரு கறுப்புத் துணி. இவை எல்லாவற்றையும்விடப் பயன்படுவது ஒரு கட்டு மலிவு அட்டைகள். ஒவ்வோர் ஆண்டுக்கும் பத்துப் பதினைந்து, பெயர் தெரியாத வீரர்களுடையவை. யாரும் கத்தி வைக்க நினைக்காத அட்டைகள் அவை. அதனால் அவை பொய் சொல்லாது. நட்சத்திரத்தின் அட்டையை இவற்றோடு வைத்துப் பார்க்கும்போதுதான் கண்ணுக்குப் பிடி கிடைக்கிறது.

செப்டம்பர் 9, திங்கள்

1963 அட்டை அஞ்சலில் வந்தது. எண் 540. அந்த ஆண்டு வரிசையின் கடைசிப் பகுதியில் வருவதால் எப்போதும் கொஞ்சம் விலை கூடுதல். படத்தில் பார்த்தபோதே நான்கு மூலைகளும் கூர்மையாகத் தெரிந்தன. இணையம் வழியாக வாங்கிவிட்டேன்.

பிரித்து மேசையில் வைத்த உடனே மகிழ்ச்சியைவிட முன்னால் ஒரு நெருடல் வந்தது. பின்புறம் பல கைகள் பட்டு அழுக்கேறியிருக்கிறது. முகத்தில் மெருகு மங்கி, மெல்லிய கீறல்கள். இத்தனை அனுபவித்த அட்டைக்கு மேல் மூலைகள் இரண்டும் எப்படி முள்போல நிற்கின்றன? தலைமுடிக்குச் சாயம் பூசலாம். புறங்கை வயதைச் சொல்லிவிடும். பழைய பொருள் உடம்பு முழுதும் சேர்ந்துதான் மூப்படையும். ஓர் உறுப்பு மட்டும் இளமையாக இருந்தால் அங்கேதான் முதலில் போக வேண்டும்.

அளவுகோல் வைத்தேன். 1957 முதல் டாப்ஸ் அட்டையின் அளவு 2½ அங்குலத்துக்கு 3½ அங்குலம். இது உயரத்தில் ஒரு மயிரிழை குறைவு. அளவுகோலை மட்டும் நம்ப மனமில்லாமல், பத்து மலிவு 1963 அட்டைகளுக்கு நடுவே செருகி, கட்டாக அடிப்பக்கத்தை மேசையில் தட்டிச் சமன்செய்து மேற்பக்கத்தைப் பார்த்தேன். விழுந்த பல்லின் இடம்போல நடுவில் ஒரு பள்ளம். அகலவாட்டில் தட்டிப் பார்த்தால் எல்லாம் சமம். ஆகவே வெட்டு மேல் ஓரத்தில் மட்டும்.

லென்ஸ் மீதியைச் சொன்னது. மூன்று ஓரங்களில் மெல்லிய பிசிறு, அதற்குள் அறுபது ஆண்டு அழுக்கு, பழுத்த நிறம். மேல் ஓரம் சற்றுமுன் கீறிய தேங்காய்போல் வெண்மையாக, வழுவழுப்பாக இருந்தது. தச்சர் பலகையின் நேர்த்தியை ஒற்றைக் கண்ணால் பார்ப்பதுபோல் ஓரத்தோடு கண்ணை வைத்தேன். நடுவில் கத்தி கொஞ்சம் உள்வாங்கி, வலது மூலைக்கு வந்ததும் வெளியே விலகி, சின்னக் கொக்கிபோல் முடிந்திருந்தது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, நறுக்கியது. அதிலேயே மழுங்கிய இரண்டு மூலைகள் போய், புதிய இரண்டு மூலைகள் பிறந்துவிட்டன.

விற்பவர் போட்டிருந்த படத்தை மறுபடி பார்த்தேன். அட்டை கெட்டி உறைக்குள் இருக்கிறது. உறையின் வாய் மேல் ஓரத்தை மறைக்கிறது. இனி நான் கேட்கப் போவது: உறைக்கு வெளியே, கறுப்புத் துணிமேல், அதே ஆண்டின் வேறோர் அட்டைக்குப் பக்கத்தில் வைத்து எடுத்த படம். அதை அனுப்ப மறுப்பவரிடம் வாங்குவதில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

1963 அட்டையை விற்றவருக்கு எழுதியிருந்தேன். பதில் வந்துவிட்டது. “பாதிப் பணத்தைத் திருப்பித் தருகிறேன், அட்டையையும் வைத்துக்கொள்ளுங்கள்.” ஒப்புக்கொண்டேன். ஓரம் நறுக்கிய அட்டை எப்படி இருக்கும் என்பதற்கு என்னிடம் கையிலேயே ஒரு பாடம் இருக்கட்டும். ஆனால் 19இல் அதை எண்ண மாட்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கிளெமெண்டே நாள். பேஸ்பால் அணிகளில் பலர் அவருடைய 21ஆம் எண்ணை முதுகில் அணிந்து ஆடும் நாள். இந்த ஊர் மைதானத்தின் வலப்புறச் சுவர் 21 அடி உயரம். அதுவும் அவர் எண்ணுக்காகத்தான்.

மகளுக்குப் பதினொரு வயது. 1963 அட்டையை லென்ஸில் காட்டினேன். பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அப்பா, வெட்டின பிறகு இன்னும் அழகாகத்தானே இருக்கிறது? அப்புறம் என்ன தப்பு?”

நல்ல கேள்வி. உடனே பதில் சொல்ல முடியவில்லை. மைதானத்துக்கு வெளியே நிற்கும் ஹோனஸ் வாக்னர் சிலையை அவளுக்குத் தெரியும். அவரும் பைரேட்ஸ் வீரர்தான். அவர் அட்டையின் கதையைச் சொன்னேன்.

1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளோடு வந்த அட்டை வரிசை அது. உலகிலேயே பெயர்பெற்ற விளையாட்டு அட்டை அந்த வாக்னர்தான். மிகச் சிலவே கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று மட்டும் நம்ப முடியாத அளவுக்குச் சுத்தமாக இருந்தது. 1985இல் பில் மாஸ்ட்ரோ என்பவர் அதை 25,000 டாலருக்கு வாங்கினார். 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி ஒரு கூட்டாளியோடு சேர்ந்து ஏலத்தில் 4,51,000 டாலர் கொடுத்தார். புதிதாகத் தொடங்கிய பி.எஸ்.ஏ. என்ற தரம் பார்க்கும் நிறுவனம் முதன்முதலாகத் தரமெண் கொடுத்த அட்டையும் அதுவே: பத்துக்கு எட்டு. 2007இல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 2013இல் மாஸ்ட்ரோ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார், அதன் ஓரங்களை நறுக்கியது தாமே என்று. 2015இல் ஏல மோசடிக்காக அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

“அப்படியென்றால் எட்டு என்று எண் கொடுத்தவர்களுக்கும் தெரியவில்லையா?” என்றாள்.

எண் கொடுத்த உறைக்குள் இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளக்கூடாது என்று சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்விக்கு இது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

செப்டம்பர் 29, ஞாயிறு

இன்றைய நாள் என்னைக் கொஞ்சம் புரட்டிப் போட்டுவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இந்த ஊரிலேயே பிறந்தவர். 1960இல் அவருக்குப் பன்னிரண்டு வயது. கிளெமெண்டே வலது மூலையிலிருந்து மூன்றாவது பேஸுக்கு பந்து எறிவதை பழைய ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மைதானத்தின் மலிவு இருக்கையிலிருந்து பார்த்ததைச் சொல்லிச் சொல்லித்தான் என்னை இந்தச் சேகரிப்புக்குள் இழுத்துவிட்டவர். இன்று மாடியைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது என்று ஒரு சுருட்டுப் பெட்டியோடு வந்தார். உள்ளே இரண்டு கிளெமெண்டே: 1960இன் 326, 1962இன் 10.

1960 அட்டையை அவர் பெட்டிக்கடைபோல ஒரு மூலைக்கடையில் ஐந்து சென்ட் கொடுத்து வாங்கிய பொட்டலத்திலிருந்து தாமே எடுத்தவர். அன்றிலிருந்து பெட்டிக்குள். யார் கையும் படவில்லை. பழக்கத்தில் அளவுகோலை வைத்தேன். அகலத்தில் முக்கால் மில்லிமீட்டர் குறைவு! கட்டில் வைத்துத் தட்டினேன், பள்ளம் விழுந்தது. மூன்று வாரத்துக்கு முன் 1963 அட்டைக்கு நான் எழுதிய அதே தீர்ப்பு இதற்கும் பொருந்துகிறது. ஆனால் இதை நறுக்கியவர் யாரும் இல்லை.

லென்ஸைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான்கு ஓரங்களிலும் ஒரே பிசிறு, ஒரே பழுப்பு. மூலைகளும் ஓரங்களும் முகமும் ஒரே கதையைச் சொல்கின்றன. அச்சகத்திலேயே அந்தத் தாள் கொஞ்சம் ஒடுக்கமாக வெட்டுப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். தரம் பார்க்கும் இடங்களிலும் ‘நறுக்கிய அடையாளம்’ வேறு, ‘அளவு குறைவு’ வேறு என்று பிரித்துத்தான் சொல்வார்கள்; அதன் பொருள் எனக்கு இன்றுதான் உறைத்தது. அளவுகோல் ஐயத்தை எழுப்பும். தீர்ப்பு ஓரத்தில் இருக்கிறது. எதிர்த்திசையிலும் அப்படியே: அச்சகத்தில் சற்றுப் பெரிதாக வெட்டுப்பட்ட அட்டையை ஒருவர் நறுக்கினால், அளவுகோல் அதைக் குற்றமற்றது என்று விட்டுவிடும்.

பிறகு 1962. அந்த ஆண்டு அட்டைக்கு மரப்பலகைபோன்ற பழுப்பு விளிம்பு. கீழ் இடது மூலையில் பழுப்பு நிறம் மட்டும் வேறுமாதிரி இருந்தது. மற்ற இடங்களில் லென்ஸுக்குக் கீழே அச்சுப் புள்ளிகள் கோலம்போல் தெரிய, அங்கே புள்ளியே இல்லாத மெழுகுத் தடம். நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்: “அது என் வேலை. தம்பி மூலையைக் கடித்துவிட்டான். அம்மா பார்த்தால் வருத்தப்படுவார் என்று கிரேயானால் தீட்டினேன்.”

1960ஐ அவர் தருவதாக இல்லை, நானும் கேட்கவில்லை. 1962ஐ எடுத்துக்கொள் என்றார். சும்மா வாங்க மாட்டேன் என்றேன். பத்து டாலர் என்றார், கொடுத்தேன். ‘கீழ் இடது மூலை கிரேயான், 1962’ என்று அவர் கையாலேயே ஒரு சீட்டில் எழுதி வாங்கி உறைக்குள் வைத்திருக்கிறேன். இதை என் 19இல் எண்ணுகிறேன். தயக்கமில்லாமல்.

இரவு மகளைக் கூப்பிட்டு அன்றைய கேள்விக்குப் பதில் சொன்னேன். வெட்டினால் அழகாகிறதா, தீட்டினால் அழகாகிறதா என்பதில் தப்பு இல்லை. வாங்குகிறவருக்குச் சொல்லாமல் விடுவதுதான் தப்பு. அவள் கிரேயான் மூலையை லென்ஸில் பார்த்துவிட்டு, “நன்றாகத்தான் தீட்டியிருக்கிறார், தாத்தா” என்றாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

இந்த ஊரின் ஓக்லண்ட் பகுதியில் பழைய ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மைதானத்தின் வெளிச்சுவரில் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டும் இதே நாளில் அங்கே கூடி, 1960 உலகத் தொடரின் ஏழாம் ஆட்ட வானொலி வருணனையின் பதிவைத் தொடக்கத்திலிருந்து கேட்பார்கள். பைரேட்ஸ் வீரர் பில் மஸரோஸ்கி அடித்த பந்து சுவரைத் தாண்டி, 10க்கு 9 என்று யாங்கீஸ் அணி தோற்ற அந்தப் பிற்பகல் 3 மணி 36 நிமிடத்துக்கு ஆரவாரம் எழும். எட்டாவது இன்னிங்ஸில் கிளெமெண்டே அடித்த ஒரு சாதாரணத் தரைப்பந்துக்கு அவர் ஓடிய ஓட்டம்தான் அந்த வெற்றிக்கு வாசல் திறந்தது. வருணனையாளர் குரல் அந்த இடத்துக்கு வந்தபோது பெரியவர் என் தோளைப் பிடித்தார்.

அங்கே ஒருவர் அறிமுகமானார். அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். அடுக்கிய தாள்களின்மேல் கத்தி இறங்கும்போது ஒரு பக்கம் மெல்லிய மடிவும் மறுபக்கம் பிசிறும் விழும் என்றார். தனி அட்டையை எஃகுப் பட்டையும் கைக்கத்தியும் வைத்து வெட்டினால் அந்த மடிவு வராது. கனடாவின் ஓ-பீ-சீ நிறுவன அட்டைகளின் ஓரங்கள் இன்னும் கரடுமுரடானவை. 1979ஆம் ஆண்டு கிரெட்ஸ்கியின் முதல் அட்டை ஓரம் வழுவழுப்பாக இருந்தால் அதைக் கண்டே நான் பயப்படுவேன் என்றார். கிரெட்ஸ்கி வாங்கிய அட்டையும் நறுக்கியது, கிரெட்ஸ்கியின் அட்டையையும் நறுக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மடிப்பைப் பற்றியும் கேட்டேன். ஈரப்படுத்தி அழுத்தி மடிப்பைச் சமப்படுத்துவார்கள், விரலுக்குத் தெரியாது. ஆனால் விளக்கை அட்டையின் மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் வெளிச்சம் படும்படி மெல்லத் திருப்பினால், உடைந்த மெருகு ஒரு கோடாக மின்னும். உடைந்த மை திரும்பச் சேராது. வீட்டுக்கு வந்து என் 16 அட்டைகளையும் அப்படித் திருப்பிப் பார்த்தேன். 1965இல் ஒரு கோடு இருக்கிறது. விற்பவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 26, சனி

ஓஹையோ எல்லையைத் தாண்டிப் பெரிய சந்தை. ஒரே நாளில் இரண்டு 1955 கிளெமெண்டே, எண் 164. அவருடைய முதல் அட்டை. படுக்கைவாட்டில், 2⅝க்கு 3¾ அங்குலம். ‘ராபர்ட்டோ’ என்று பெயரை ஒழுங்காக அச்சிட்ட அட்டை; 1957இலிருந்து 1969 வரை டாப்ஸ் அவரை, அவர் விரும்பாத ‘பாப்’ ஆக்கிவிட்டது.

முதலாவதைப் பற்றி ஒரு வரி போதும். முகத்தில் அச்சிட்ட கையொப்பத்தை லென்ஸில் பார்த்தேன். அசலில் அது முழுக் கறுப்புக் கோடு. இதில் புள்ளி புள்ளியாக இருந்தது. அசல் அட்டையைப் படம்பிடித்து மறுபடி அச்சிட்டால் படத்தோடு எழுத்தும் புள்ளியாகிவிடும்.

இரண்டாவது என்னைக் கட்டிப்போட்டது. அளவு சரி. ஓரங்கள் நான்கும் ஒரே பழுப்பு. முகம் நல்ல மெருகு. நடுவில் மடிப்பில்லை. விலை நான் நான்கு ஆண்டு சேர்த்த தொகைக்குச் சரியாக இருந்தது. மூலைகள் மூன்று லேசாக மழுங்கி, மேல் வலது மட்டும் நிறைவாக இருந்தது. அந்த ஒரு மூலை மட்டும்.

விற்பவரிடம் சொல்லிவிட்டு, மேசைக்கடியில் என் கோட்டை விரித்து இருட்டாக்கி புற ஊதா டார்ச்சை அடித்தேன். அட்டை முழுவதும் மங்கலாகக் கிடக்க, அந்த மூலையில் மட்டும் நெல் மணி அளவுக்கு நீலவெண்மையாக ஒரு முக்கோணம் ஒளிர்ந்தது. வெண்மை கூட்டும் வேதிப்பொருள் சேர்த்த புதுக் காகிதம் இந்த வெளிச்சத்தில் அப்படித்தான் ஒளிரும். யாரோ உதிர்ந்த மூலைக்குப் பதில் காகிதக்கூழும் பசையும் வைத்துப் புது மூலை கட்டியிருக்கிறார்கள்.

விற்பவரையும் குனிந்து பார்க்கச் சொன்னேன். அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்கே கஷ்டமாகிவிட்டது. இறந்துபோன ஒருவர் வீட்டுச் சாமான்களோடு மொத்தமாக வாங்கியது, நல்ல விலை கொடுத்திருக்கிறார். ஒரு வார்த்தை வாதாடாமல் விலைச்சீட்டை எடுத்துவிட்டு அட்டையைப் பெட்டிக்குள் வைத்தார். “இதைச் சொல்லாமல் விற்கத் தெரியாது எனக்கு” என்றார். அவர் கையைக் குலுக்கிவிட்டு வந்தேன்.

டார்ச் ஒளிராவிட்டால் அட்டை சுத்தம் என்றும் முடிவுகட்டக் கூடாது. அதே காலத்து மலிவு அட்டையின் காகிதத்தை எடுத்து ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அது ஒளிராது. அங்கே சாய்ந்த வெளிச்சமும் லென்ஸும்தான் ஒட்டின் கோட்டைக் காட்ட வேண்டும். அப்படிச் செய்பவருக்கு எவ்வளவு கைத்திறன் இருக்க வேண்டும் என்று நினைத்தால் கோபம் இன்னும் கூடுகிறது. அந்தக் கையால் எத்தனை பழைய புத்தகங்களைக் காப்பாற்றியிருக்கலாம்.

நவம்பர் 4, திங்கள்

ஒன்றும் வாங்கவில்லை. அந்த மூலை கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அந்த ஒளிர்வு தெரியாமலிருந்தால் நான் எவ்வளவு மகிழ்ச்சியாக வீட்டுக்கு வந்திருப்பேன்!

நவம்பர் 16, சனி

கிடைத்துவிட்டது.

ஊருக்குள்ளேயே, பழைய நாணயமும் அட்டையும் விற்கும் சின்னக் கடையில். கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டில் கிடந்தது. 1955, எண் 164. நான்கு மூலைகளும் உருண்டு மழுங்கியிருக்கின்றன. இடப்பக்கம் நெடுக ஒரு மடிப்பு. மேல் விளிம்பின் நடுவில் ஊசி குத்திய துளை. சுவரில் குத்தி வைத்திருந்த ஒரு பிள்ளையின் வேலை. துளையைச் சுற்றி மெல்லிய துருக் கறை, முகத்திலும் பின்புறத்திலும் ஒரே அளவில்.

ஒரு மணி நேரம் பார்த்தேன். கடைக்காரர் நாற்காலி போட்டுக் கொடுத்தார். மலிவு அட்டைகளோடு தட்டினேன்: அளவு பொருந்தியது. ஓரங்களில் ஒரே மடிவு, ஒரே பிசிறு. கையொப்பம் முழுக் கோடு. டார்ச்சில் எங்கும் ஒளிர்வில்லை. சாய்ந்த வெளிச்சத்தில் மடிப்பு ஆற்றங்கரைபோல் வெளிப்படையாகக் கிடந்தது. யாரும் அதை அழுத்தி மறைக்கப் பார்க்கவில்லை. மூலைக்கு இருக்கும் அதே வயது முகத்துக்கும், முகத்துக்கு இருக்கும் அதே வயது முதுகுக்கும்.

சேர்த்த தொகையில் முக்கால்பங்கு போனது. பெரியவரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவர் துளையைத்தான் முதலில் பார்த்தார். “என் அறையிலும் இப்படிக் குத்தி வைத்திருந்தேன். நிகராகுவாவில் நிலநடுக்கத்தில் தவித்த மக்களுக்குக் கிளெமெண்டே உதவிப் பொருள் கொண்டுபோன விமானம் அவரோடு விழுந்துவிட்டது என்று 1973 புத்தாண்டு காலையில் வானொலி சொன்னபோது, நான் வளர்ந்த ஆள், வேலைக்குப் போகிறவன். அம்மா வீட்டுச் சுவரில் அது இன்னும் இருந்தது.” அதற்குமேல் அவர் பேசவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

17 ஆகிவிட்டது. 1960உம் 1963உம் பாக்கி.

நேற்று ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். என்னிடம் ஒரு கூர்மூலை 1963 இருப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறார். நான் கொடுத்த முழு விலையையும் தருவதாகச் சொன்னார். மேல் ஓரம் நறுக்கியது என்றேன். பரவாயில்லை என்றார். உறைக்குள் அதற்கான சீட்டு இருக்கும் என்றேன். சற்று நேரம் அமைதி. பிறகு, “சீட்டு மட்டும் வேண்டாமே” என்றார்.

கொடுக்க மாட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்று காலை மகளை உட்காரவைத்து அழியாத மையில் புதுச் சீட்டு ஒன்று எழுத வைத்தேன். ‘மேல் ஓரம் நறுக்கப்பட்டது. செப்டம்பர் 2024இல் கண்டறிந்தோம்.’ சீட்டை அட்டையின் முதுகுப் பக்கம் வைக்கப் போனாள். முகத்துப் பக்கம் வைக்கச் சொன்னேன். கிளெமெண்டேயின் முகம் மறையாதபடி, கீழே தள்ளி.